'பெர்தோனே': ஸ்பானிய மொழியில் பணிவாக அழைப்பதன் வரலாறு

மாட்ரிட் நகரத் தெருவில் வழி கேட்க விரும்பும் வெளியூர்க்காரர், முன்னே செல்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்க ஒரு சொல் சொல்ல வேண்டும். அவர் வயதில் மூத்தவராகவோ அறிமுகமில்லாதவராகவோ இருந்தால் 'பெர்தோனே' என்பது பொருத்தம். தம் வயதொத்த இளைஞராக இருந்தால் 'பெர்தோனா'. இரண்டுக்கும் பொருள் 'மன்னியுங்கள்' என்பதுதான். வேறுபாடு கடைசி உயிரெழுத்தில் மட்டும் இருக்கிறது. முதலாவதில் 'உஸ்தெத்' என்ற மரியாதைப் பெயர் மறைந்திருக்கிறது. இரண்டாவதில் 'தூ', அதாவது நம் 'நீ'.

ஆகவே ஸ்பானிய மொழியில் ஒருவருடைய கவனத்தைக் கேட்பதற்கு முன்பே அவர் யார், நமக்கு மேலா, சமமா என்ற முடிவை எடுத்துவிட வேண்டியிருக்கிறது. தமிழ் பேசுபவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஸ்பானிய மொழியில் இந்த ஓர் எழுத்துக்காக அரசர்கள் சட்டம் இயற்றியிருக்கிறார்கள், மனிதர்கள் கைகலந்திருக்கிறார்கள், ஒரு புரட்சி அதை ஒழிக்கவும் முயன்றிருக்கிறது. இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சொல்கிறது.

தேய்ந்துபோன 'வோஸ்'

பழைய இலத்தீனில் ஒருவரைக் குறிக்க 'தூ' என்ற ஒரே சொல்தான் இருந்தது. அடிமையும் அதையே சொன்னான், ஆண்டானும் அதையே சொன்னான். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் பேரரசரைப் பன்மையில் அழைக்கும் வழக்கம் தோன்றியது. அதிலிருந்து வந்ததுதான் 'வோஸ்' என்னும் மரியாதைப் பன்மை. இடைக்காலக் காஸ்டீலிய மொழியில், அதாவது இன்றைய ஸ்பானிய மொழியின் முன்வடிவில், மேன்மக்களுக்குரிய சொல் இதுவே. எல் சித் என்ற வீரனைப் பற்றிய பழங்காப்பியத்தில் அரசனும் வீரனும் ஒருவரையொருவர் 'வோஸ்' என்று அழைக்கிறார்கள். வீரன் தன் மனைவியையும் அப்படியே அழைக்கிறான். அவள் இறைவனிடம் வேண்டும்போது மட்டும் 'தூ' வருகிறது. கடவுளை ஒருமையில் அழைப்பது நமக்கும் பழக்கமானதே.

மரியாதைச் சொற்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. எல்லோரும் எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கியதும் அவற்றின் மதிப்பு இறங்கிவிடும். 15ஆம் நூற்றாண்டுக்குள் 'வோஸ்' அப்படித் தேய்ந்தது. அண்டை வீட்டுக்காரரும் வேலைக்காரரும் அதைப் பெற்ற பிறகு, பிரபுக்களுக்கு வேறு சொல் தேவைப்பட்டது. ஆளை நேரே சுட்டாமல் அவருடைய ஒரு பண்பைச் சுட்டும் முறை வந்தது. 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்றால் 'உங்கள் அருள்' அல்லது 'உங்கள் தயவு'. 'நீங்கள் வருகிறீர்களா' என்று கேட்காமல் 'உங்கள் அருள் வருகிறதா' என்று கேட்டார்கள்.

இதற்கு மேலும் படிகள் இருந்தன. 'செனியோரியா' என்பது பட்டம் பெற்ற பிரபுக்களுக்கு உரியது; 'அல்தேசா' என்னும் 'உயர்வு' அரசர்களுக்கு. 1519இல் புனித ரோமப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் சார்லஸ் காலத்தில் 'மாஹெஸ்தாத்' என்னும் 'மாட்சிமை' வந்து, அரசருக்கான பழைய சொல்லைக் கீழே தள்ளியது. மேலே ஒரு படி கூடும்போதெல்லாம் கீழே இருந்தவர்களும் ஒரு படி ஏறப் பார்த்தார்கள்.

வாழ்த்துக்கு ஒரு சண்டை

16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் இது வெறும் இலக்கணப் பிரச்சினையாக இருக்கவில்லை. பிரபு குலத்தில் பிறந்தவருக்கு வரிவிலக்கும் வேறு சலுகைகளும் இருந்தன. ஆனால் அந்தக் குலத்தின் கீழ்த்தட்டில் இருந்த பலரிடம் நிலமும் இல்லை, பணமும் இல்லை. அவர்களிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து மற்றவர்கள் தங்களை அழைக்கும் முறை. எனவே அழைப்பில் ஒரு சொல் குறைந்தாலும் அது திருட்டுக்குச் சமமாகத் தோன்றியது.

1554இல் ஆசிரியர் பெயரின்றி அச்சில் கிடைத்த 'லாசரில்யோ தெ தோர்மெஸ்' என்ற சிறு நாவல் இதை நன்றாகக் கேலி செய்கிறது. கதைநாயகனான ஏழைச் சிறுவன் ஒரு குட்டிப் பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறான். எசமானர் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. சிறுவன் பிச்சையெடுத்துக் கொண்டுவரும் ரொட்டியில்தான் அவரும் பசியாறுகிறார். அப்படிப்பட்டவர் சொந்த ஊரை விட்டு வந்த காரணமே வாழ்த்தும் மரியாதையும் பற்றிய சச்சரவுதான். தம்மைவிட வசதியான பக்கத்துப் பிரபுவுக்கு முதலில் தொப்பியைக் கழற்ற அவருக்கு மனமில்லை. தம்மைக் காணும்போதெல்லாம் 'கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும்' என்று வாழ்த்திய ஒரு கைவினைஞரை அவர் அடிக்கவும் போயிருக்கிறார். வாழ்த்தில் என்ன தவறு? அது சாதாரண மக்களுக்கான வாழ்த்து என்பதுதான் தவறு. 'உங்கள் கைகளை முத்தமிடுகிறேன்' என்றல்லவா தமக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

செர்வாண்டெஸ் எழுதிய 'தோன் கிஹோத்தே' நாவலின் முதற்பாகத்திலும் (1605) இதற்கு இணையான காட்சி உண்டு. விடுதியில் அடிபட்டுக் கிடக்கும் தோன் கிஹோத்தேயிடம் காவல் வீரன் ஒருவன் விளக்கோடு வந்து, 'எப்படியிருக்கிறீர், நல்ல மனிதரே' என்ற வகையில் விசாரிக்கிறான். கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் 'நல்ல மனிதரே' என்பது அன்று கீழ்நிலையில் இருப்பவரை அழைக்கும் சொல். வீரத்திருமகனாகத் தம்மை நினைத்துக்கொண்டிருப்பவர் சீறி விழுகிறார். காவல் வீரன் எண்ணெய் நிறைந்த அந்த விளக்காலேயே அவர் தலையில் போடுகிறான். தவறான விளிச்சொல்லின் விளைவை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

அதே நாவலில் பணியாள் சாஞ்சோ தன் எசமானரை 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்கிறான். எசமானர் அவனை வழக்கமாகத் 'தூ' என்கிறார். கோபம் தலைக்கேறும்போது 'வோஸ்' வருகிறது. அரசர்களுக்கு உரியதாக இருந்த சொல், நானூறு ஆண்டுகளில் வேலைக்காரனைத் திட்டும் சொல்லாக இறங்கியிருந்தது.

அரசரின் சட்டம்

இந்தப் பட்டப் போட்டியை நிறுத்த இரண்டாம் பிலிப்பு மன்னர் 1586இல் ஓர் அரசாணை பிறப்பித்தார். யாருக்கு எந்த மரியாதைச் சொல் என்பதை அது வரையறுத்தது. தமக்கு எழுதும் கடிதங்களின் தலைப்பில்கூட அடுக்கடுக்கான பட்டங்கள் வேண்டாம், 'சென்யோர்' என்ற ஒரு சொல் போதும் என்று அவர் விதித்தார். உலகின் மிகப் பெரிய பேரரசு ஒன்றை ஆண்டவர், இன்று தேநீர்க்கடையில் எவரையும் அழைக்கப் பயன்படும் 'ஐயா' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

சட்டம் பெரிதாகப் பலிக்கவில்லை. அடுத்து வந்த மூன்றாம் பிலிப்பு அதைத் திரும்பவும் பிறப்பிக்க வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சான்று. தெருவில் ஒருவர் மற்றவரை எப்படி அழைக்கிறார் என்பதைக் கண்காணிக்க எந்த அரசிடமும் போதிய ஆள் கிடையாது.

அருள் சுருங்கி 'உஸ்தெத்' ஆனது

சட்டம் செய்யாததை வாய் செய்தது. நாளுக்கு நூறு முறை சொல்லப்படும் நான்கசைத் தொடர் நிலைத்து நிற்காது. 'வுவெஸ்த்ரா மெர்செத்' சுருங்கி 'வுவெசார்செத்', 'வோசே', 'வுஸ்தெத்' எனப் பல வடிவங்களில் உலவியது. நாடகங்களில் இவை பெரும்பாலும் வேலைக்காரர், போக்கிரிகள், சிப்பாய்கள் வாயிலிருந்து வருகின்றன. பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் 'உஸ்தெத்' எழுத்திலும் தோன்றியது. அதற்கடுத்த நூற்றாண்டில் அதுவே பொது வழக்காகிவிட்டது. 'உஸ்தாத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து இது வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. ஒலி ஒற்றுமை கவர்ச்சியாக இருந்தாலும், இடைப்பட்ட வடிவங்கள் இவ்வளவு கிடைத்திருக்கும்போது அந்த விளக்கத்துக்குத் தேவையில்லை.

சுருங்கிய பின்னும் பழைய இலக்கணம் மட்டும் மாறவில்லை. 'உங்கள் அருள்' என்பது படர்க்கை அல்லவா? அதனால் 'உஸ்தெத்' என்ற சொல்லோடு இன்றும் படர்க்கை வினையே வருகிறது. முன்னால் நிற்பவரிடம் பேசும்போதும் 'அவர்' என்ற வினைமுடிவைத்தான் ஸ்பானியர் பயன்படுத்துகிறார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த 'பெர்தோனே' இப்படி உருவானதே. அதன் உட்பொருள் 'உங்கள் அருள் மன்னிப்பதாக' என்பது. 'திஸ்குல்பே' (குற்றம் பாராட்டாதிருப்பீராக), 'ஓய்கா' (கேட்பீராக), தொலைபேசியை எடுத்ததும் ஸ்பெயினில் சொல்லப்படும் 'தீகாமே' (எனக்குச் சொல்வீராக) ஆகியவையும் அதே அச்சில் வார்க்கப்பட்டவை. தமிழில் 'தாங்கள்' என்பதும் முதலில் படர்க்கைச் சொல்லே. நேரே சுட்டாமல் சுற்றிச் சுட்டுவது மரியாதை என்று இரண்டு மொழிகளும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன. 'ஓய்கா'வுக்கும் நம் 'ஓய்' என்ற விளிக்கும் ஒலியைத் தவிர உறவில்லை.

இவற்றுள் 'ஓய்கா' சற்றுக் கறாரானது. ஸ்பெயினில் உணவகப் பணியாளரை அப்படி அழைப்பது இயல்பு. அமெரிக்க நாடுகள் பலவற்றில் அது அதட்டலாகக் கேட்கும். அங்கே 'திஸ்குல்பே' பாதுகாப்பானது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போக இவை எதுவும் சரிவராது. அதற்குக் 'கோன் பெர்மிசோ', அதாவது 'அனுமதியோடு' என்று சொல்வார்கள். கவனம் கேட்பதும் வழி கேட்பதும் அங்கே இருவேறு சொற்களைக் கோருகின்றன.

'ஓலா' ஏறிய கதை

மேலிருந்து கீழே இறங்கிய சொற்களையே இதுவரை பார்த்தோம். கீழிருந்து மேலே ஏறிய சொல்லும் ஒன்று உண்டு. இன்று ஸ்பானிய மொழி தெரியாதவர்களும் அறிந்த 'ஓலா', பழைய நாடகங்களில் எசமானர் வேலைக்காரனைக் கூப்பிடும் கூச்சலாக வருகிறது. 'யாரங்கே!' என்று நம் நாடக அரசர்கள் கைதட்டுவதற்கு இணையானது. ஸ்பானிய மொழிக் கழகம் வெளியிட்ட முதல் பேரகராதியின் 1734ஆம் ஆண்டுத் தொகுதி, தாழ்ந்தவரை அழைக்கும் கொச்சை வழக்கு என்றே இதற்குப் பொருள் தருகிறது. அந்தக் காலத்தில் தெருவில் ஒரு கனவானை 'ஓலா' என்று அழைத்தவர் உதை வாங்கியிருக்கலாம். பிற்காலத்தில் அது தோழமை வாழ்த்தாக மாறியது. எசமானர்கள் குறைந்ததால் ஏறியதா, எல்லோரும் எசமானர் குரலைப் பழகிக்கொண்டதால் ஏறியதா என்பதை வாசகர் யோசிக்கலாம். என் எண்ணம் இரண்டாவது பக்கம் சாய்கிறது.

கடல் கடந்த சொற்கள்

ஸ்பானியர் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறிய காலம், 'வோஸ்' மதிப்பிழந்துகொண்டிருந்த காலம். மெக்சிகோ, லீமா போன்ற அரசப் பிரதிநிதிகளின் தலைநகரங்கள் தாயகத்து நாகரிகத்தை உடனுக்குடன் பின்பற்றின. அங்கே 'வோஸ்' மறைந்து 'தூ' நிலைத்தது. தலைநகரங்களுக்குத் தொலைவில் இருந்த ரியோ தெ லா பிளாத்தா பகுதியிலும் மத்திய அமெரிக்காவிலும் 'வோஸ்' தங்கிவிட்டது. இன்று அர்ஜென்டினாவில் நண்பர்கள் பேசிக்கொள்வது அதில்தான். இலக்கணப் பேராசான் அந்திரேஸ் பெல்யோ 19ஆம் நூற்றாண்டில் சிலி நாட்டில் இதைக் கொச்சை என்று கண்டித்து, பள்ளிகள் வழியே திருத்த முயன்றார். அர்ஜென்டினாவில் அந்தக் கண்டிப்பு எடுபடவில்லை.

அமெரிக்காவில் இந்தச் சொற்களுக்கு இன்னொரு கூர்மையும் ஏற்பட்டது. அங்கே மேல், கீழ் என்பது குலம் மட்டுமல்ல. வென்றவர், தோற்றவர் என்ற பிரிவும் ஆகும். மெக்சிகோ எழுத்தாளர் ரொசாரியோ காஸ்தெல்யானோஸ் தம் 'பாலுன் கானான்' (1957) நாவலில் சியாப்பாஸ் பகுதியின் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றைக் காட்டுகிறார். மேலோருக்கு ஒரு சொல், சமமானவருக்கு ஒரு சொல், பழங்குடி மக்களுக்கென்றே 'வோஸ்' என்ற நடைமுறை அதில் பதிவாகியிருக்கிறது. அங்கே பழங்குடி மனிதர் எசமானரோடு ஸ்பானிய மொழியில் பேச வாய் திறப்பதே அத்துமீறல்.

இந்த நினைவுதான் மெக்சிகோவின் 'மாந்தே' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வாதத்தை எழுப்பியிருக்கிறது. யாராவது பெயர் சொல்லி அழைத்தாலோ, சொன்னது காதில் விழாவிட்டாலோ மெக்சிகோக் குழந்தைகள் 'மாந்தே?' என்று கேட்கப் பழக்கப்படுகிறார்கள். அதன் நேர்ப்பொருள் 'கட்டளையிடுங்கள்'. 'கே?' (என்ன?) என்று கேட்டால் வீட்டில் திட்டு விழும். இது காலனி எசமானர்கள் பழங்குடி மக்கள் மீது சுமத்திய அடிமைச் சொல், இதைக் கைவிட வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் ஸ்பெயினின் கிராமப்புறங்களிலும் இதே சொல் இதே பொருளில் வழங்கியிருக்கிறது. மெக்சிகோவுக்கென்று செய்யப்பட்ட விலங்கு அல்ல அது. எசமானர் ஏவலாளர் உறவிலிருந்து பிறந்த சொல் என்பதில் மட்டும் ஐயமில்லை. அப்படிப் பார்த்தால் 'உஸ்தெத்' சொல்லும் அதே வீட்டில் பிறந்ததுதான். தம் பாட்டி கற்றுத்தந்த சொல் அடிமைத்தனம் என்று கேட்கும் மெக்சிகோக்காரருக்குக் கோபம் வருவதும் நியாயமே.

கதவைத் தட்டும் முறையிலும் பழைய வழக்குகள் உண்டு. நாட்டுப்புற வீடுகளின் முன் நின்று 'ஆவே மரீயா பூரீசிமா' என்று மரியன்னையை வாழ்த்துவார்கள். உள்ளிருந்து அதற்குரிய மறுமொழி வந்தால்தான் உள்ளே போகலாம். வந்தவர் கிறித்தவர், கெட்ட எண்ணத்தோடு வரவில்லை என்பதற்கு அது ஒரு சான்றாகவும் இருந்தது. கோஸ்தா ரிக்காவில் வாசலில் நின்று 'ஊப்பே!' என்று குரல் கொடுக்கிறார்கள். 'குவாதலூப்பே' மாதாவின் பெயர் தேய்ந்து இப்படி ஆனது என்பது அந்நாட்டவர் சொல்லும் விளக்கம்.

பார்சிலோனாவில் சில மாதங்கள்

மரியாதைச் சொல்லை ஒரே அடியில் ஒழித்துப் பார்த்த இடமும் ஸ்பெயினில்தான் இருக்கிறது. 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டதும் பார்சிலோனா நகரம் தொழிலாளர் அமைப்புகளின் கைக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே சென்ற ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 'சென்யோர்', 'தோன்', 'உஸ்தெத்' ஆகிய சொற்களை யாருமே சொல்லாததைக் கண்டு வியந்தார். எல்லோரும் 'தோழர்', எல்லோரும் 'தூ'. காலை வணக்கத்துக்குப் பதில் 'சாலூத்'. உணவகப் பணியாளர்கள் வாடிக்கையாளரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்கள் என்பதை அவர் தனியாகக் குறிப்பிடுகிறார்.

போர்முனையிலிருந்து 1937 ஏப்ரலில் அவர் நகரத்துக்குத் திரும்பியபோது காற்று மாறியிருந்தது. அந்நியர்கள் மீண்டும் 'சென்யோர்' என்றும் 'உஸ்தெத்' என்றும் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். கடைகளில் பழைய குழைவு திரும்பியிருந்தது. செய்தித்தாளில் எந்த அறிவிப்பும் வரவில்லை. புரட்சி பின்வாங்குவது முதலில் விளிச்சொற்களில்தான் தெரிந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எதிர்ப்பக்கத்தில் போரிட்ட வலதுசாரி ஃபலாங்கே கட்சியினரும் தங்களுக்குள் 'தூ' என்றும் 'தோழர்' என்றுமே அழைத்துக்கொண்டார்கள்.

கியூபாவில் 1959 புரட்சிக்குப் பிறகு 'சென்யோர்' இடத்தைக் 'கொம்பன்யேரோ' (தோழர்) பிடித்தது. அது நீண்ட காலம் நிலைத்தது.

பிராங்கோவின் மறைவுக்குப் பிறகு ஸ்பெயினில் 'தூ' தானாகவே பரவியது. இன்று கடைக்காரர், மருத்துவர், பல்கலைக்கழக ஆசிரியர் பலரும் அதையே எதிர்பார்க்கிறார்கள். இலத்தீன் அமெரிக்கர்கள் இதை முரட்டுத்தனம் என்று எண்ணுவது உண்டு. 2007 நவம்பரில் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் நடந்த ஐபீரிய அமெரிக்க மாநாட்டில், ஸ்பெயின் பிரதமரின் பேச்சில் குறுக்கிட்டுக்கொண்டே இருந்த வெனிசுவேலா அதிபர் ஊகோ சாவெசைப் பார்த்து, ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸ், 'நீ ஏன் வாயை மூடக் கூடாது?' என்று கேட்டார். அந்த 'நீ' ஸ்பெயினில் பலருக்கு இயல்பாகவே பட்டது. அட்லாண்டிக்கின் மறுகரையில் பலருக்கு அதில் பழைய எசமானரின் குரல் கேட்டது.

கொலம்பியாவின் மலைப்பகுதியான போயாக்காவில் நிலைமை வேறு. அங்கே 'சு மெர்செத்', அதாவது 'தங்கள் அருள்', 'சுமெர்செ' என்ற வடிவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு காலத்தில் அடிமைகளும் பண்ணையாட்களும் எசமானரை அழைத்த சொல் இது. இப்போது தாய் மகனை அப்படி அழைக்கிறாள், கணவன் மனைவியை அழைக்கிறான். சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் பெண், கூடையோடு கடந்துபோகும் எவரையும் 'என்ன வேண்டும், சுமெர்செ?' என்று கூப்பிடுகிறாள்.